துணைப்பாடம்: தன்வரலாற்று நாவல் – அல்பேர் காம்யுவின் ‘முதல் மனிதன்’



நாவல் பற்றிய வினாக்களுக்கு விடை எழுதும்போது உங்களுள் பலர் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள். கேட்கப்பட்டது எதுவாக இருந்தாலும் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒப்புவிக்கிறீர்கள். இரண்டு பக்கம் எழுதியும் புள்ளி குறைந்துவிட்டதே என்று பிறகு வருந்துகிறீர்கள். கதையைச் சொல்வது வேறு. அக்கதை எதனை உணர்த்துகிறது, எவ்வாறு உணர்த்துகிறது என்று விளக்குவது வேறு. இரண்டாவதற்குத்தான் புள்ளி.

இதனைப் பழகுவதற்காக உங்கள் பாடநூலுக்கு வெளியே உள்ள ஒரு நாவலை இங்கு எடுத்துக்கொள்வோம். இது பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்குத் தந்தவர் வெ. ஸ்ரீராம். காலனித்துவ கால அல்ஜீரியாவில் வாழ்ந்த ஓர் ஏழைக் குடியேற்றக் குடும்பத்தின் கதை இது. பரீட்சை எழுதிய ஒரு சிறுவனின் கதையும் இதற்குள் இருக்கிறது. ஆகவே உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது.

1. தன்வரலாற்று நாவல் என்றால் என்ன?

ஒருவர் தம் வாழ்க்கையை உண்மைப் பெயர்களுடன், நடந்தது நடந்தபடி எழுதினால் அது தன்வரலாறு. தம் வாழ்க்கையையே மூலப்பொருளாகக் கொண்டு, பெயர்களை மாற்றி, சம்பவங்களைத் தெரிந்து அடுக்கி, கற்பனையும் கலந்து எழுதினால் அது தன்வரலாற்று நாவல். வீடு கட்டுவதற்குச் சேர்த்த கல்லும் மணலும் தன்வரலாறு என்றால், கட்டி முடித்த வீடு தன்வரலாற்று நாவல் எனலாம்.

‘முதல் மனிதன்’ நாவலில் இந்த வேறுபாட்டை எளிதாகக் காணலாம்.

• காம்யுவின் தந்தை பெயர் லூசியன். நாவலில் ஹென்றி கோர்மெரி.
• காம்யுவே நாவலில் ஜாக் கோர்மெரி ஆகிறார். ‘நான்’ என்று சொல்லாமல் ‘அவன்’ என்று படர்க்கையில் கதை செல்கிறது.
• காம்யுவின் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் லூயி ஜெர்மேன். நாவலில் பெர்னார்.

இதில் சுவையான ஒரு செய்தி உண்டு. நாவல் முடிவு பெறாத கைப்பிரதி. ஆகவே ஆசிரியர் பெர்னாரை ஓரிடத்தில் காம்யு தம்மையறியாமல் ‘ஜெர்மேன்’ என்றே எழுதிவிட்டார். கற்பனைப் பெயரைக் கிழித்துக்கொண்டு உண்மைப் பெயர் வெளியே வந்துவிட்டது. தன்வரலாற்று நாவல் என்பதற்கு இதனைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

2. ஆசிரியர் குறிப்பு

அல்பேர் காம்யு 1913 நவம்பர் 7 ஆம் திகதி அல்ஜீரியாவின் மொந்தோவி என்ற ஊரில் பிறந்தார். அவ்வூர் இன்று த்ரேயான் எனப்படுகிறது. ஒரு வயது நிறையுமுன்னரே தந்தையை முதலாம் உலகப் போரில் இழந்தார். அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர் என்ற தொழிலாளர் பகுதியில், வீட்டு வேலை செய்து பிழைத்த தாயுடனும் அம்மம்மாவுடனும் வளர்ந்தார்.

1957 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. தாயை நினைத்த பின் அடுத்ததாகத் தம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியரையே நினைத்ததாக அவருக்கே கடிதம் எழுதினார். 1960 ஜனவரி 4 ஆம் திகதி பிரான்சில் நிகழ்ந்த கார் விபத்தில் காம்யு இறந்தார். விபத்து நடந்த இடத்தில் கிடைத்த பையில் 144 பக்கக் கைப்பிரதி ஒன்று இருந்தது. அதுவே ‘முதல் மனிதன்’. அவருடைய மகள் கத்தரினின் முயற்சியால் 34 ஆண்டுகள் கழித்து, 1994 இல் அது நூலாக வெளிவந்தது.

3. வரலாற்றுப் பின்னணி

பிரான்ஸ் 1830 இல் அல்ஜீரியா மீது படையெடுத்தது. அங்கு குடியேறிய ஐரோப்பியர் எல்லோரும் பெருந்தோட்ட முதலாளிகள் அல்லர். 1848 இல் பாரிஸ் நகரில் தொழிலாளர் கிளர்ச்சி அடக்கப்பட்டது. வேலையற்றவர்களை நகரிலிருந்து அகற்றி அல்ஜீரியாவில் விவசாயக் குடியேற்றங்களில் அமர்த்த அரசு முடிவு செய்தது. அவ்வாறு எழுந்த ஊர்களுள் ஒன்றே மொந்தோவி. நிலம் தருவோம் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள் கூடாரங்களில் மழையிலும் சேற்றிலும் கிடந்து, காய்ச்சலாலும் கொலராவாலும் மாண்டதை நாவல் விரிவாகக் காட்டுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நிலம் ஆளில்லாத நிலம் அன்று. அந்நாட்டு அராபிய, பெர்பர் மக்களின் நிலம். அம்மக்கள் தம் சொந்த நாட்டிலேயே உரிமை குறைந்தவர்களாக வாழ்ந்தனர். 1947 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அல்ஜீரிய மன்றத்தில் 120 ஆசனங்கள் இருந்தன. அவற்றில் 60, ஏறத்தாழ 10 இலட்சம் ஐரோப்பியர் ஆதிக்கம் செலுத்திய பிரிவுக்கு. மற்ற 60, அவர்களைப் போலப் பல மடங்கு தொகையினரான முஸ்லிம் மக்களுக்கு. 1954 நவம்பரில் விடுதலைப் போர் தொடங்கியது. 1962 இல் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேதான் காம்யு இந்நாவலை எழுதினார். தாம் பிறந்த உலகம் மறையப் போகிறது என்ற உணர்வு நாவல் முழுவதும் நிழலாடுகிறது.

4. கதைச் சுருக்கம்

1913 இல் மழை பெய்யும் ஓர் இரவில், மாட்டுவண்டியோ குதிரைவண்டியோ வந்து சேர்வதே அரிதான ஓர் ஊருக்கு வந்திறங்கும் குடும்பத்தில் ஜாக் பிறக்கிறான். அடுத்த ஆண்டு அவன் தந்தை மார்ன் போரில் காயமடைந்து, பிரான்சின் சேன் பிரியே நகரில் இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்படுகிறார்.

நாற்பது வயதில் ஜாக் அக்கல்லறையைத் தேடிச் செல்கிறான். கல்லில் பொறித்த ஆண்டுகளைக் கணக்கிடுகிறான். தந்தை இறந்தபோது அவருக்கு வயது 29. மண்ணுக்குள் கிடக்கும் தந்தை, மேலே நிற்கும் மகனைவிட இளையவர்! அந்தக் கணத்தில் அவன் மனம் கலங்குகிறது. தந்தை யார் என்று அறியப் புறப்படுகிறான். தாயிடம் கேட்கிறான், அவளுக்கு நினைவில்லை. பிறந்த ஊருக்குப் போகிறான். அங்கும் தடயம் இல்லை. தந்தையைத் தேடிய பயணம் அவனைத் தன் இளமைக்காலத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முதற்பகுதியின் தலைப்பு தந்தையைத் தேடுதல் பற்றியது. இரண்டாம் பகுதியின் தலைப்பு மகனைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள்.

5. முக்கிய பாத்திரங்கள்

ஜாக்: துடிப்பும் ஆசையும் நிறைந்த சிறுவன். கடல், காற்பந்து, புத்தகம் மூன்றிலும் பைத்தியம். பொய்யும் சொல்வான், அதற்காக வெட்கமும் படுவான்.

தாய்: காது சரியாகக் கேளாதவள், எழுத வாசிக்கத் தெரியாதவள், அதிகம் பேசாதவள். மகனை அவள் கட்டியணைப்பது அரிது. ஆனால் அவன் உலகிலேயே அதிகம் நேசிப்பது அவளைத்தான். மகன் விளக்கடியில் வாசிக்கும்போது அருகில் வந்து, துணி துவைத்துச் சுருங்கிய விரல்களால் புத்தகப் பக்கத்தைத் தடவிப் பார்க்கிறாள். இந்நாவலையே வாசிக்க முடியாத அந்தத் தாய்க்குத்தான் காம்யு இதனைக் காணிக்கையாக்கினார்.

அம்மம்மா: வீட்டின் அதிகாரம் அவள் கையில். மாட்டு நரம்புச் சவுக்கால் அடிப்பாள். சப்பாத்துத் தேய்ந்துவிடும் என்று காற்பந்து விளையாடத் தடை விதிப்பாள். அடியில் ஆணி அறைந்து, தேய்வைக் கொண்டு குற்றத்தைக் கண்டுபிடிப்பாள். அவளைக் கொடியவள் என்று மட்டும் எழுதாதீர்கள். வறுமையோடு மல்லுக்கட்டி இறுகிப்போனவள்.

மாமா: பீப்பாய் செய்யும் தொழிலாளி. பேச்சும் கேள்வியும் குறைந்தவர். வேட்டைக்கும் கடலுக்கும் ஜாக்கை அழைத்துச் செல்பவர்.

ஆசிரியர் பெர்னார்: தந்தையற்ற சிறுவனுக்குத் தந்தையின் இடத்தில் நின்றவர். தாமும் அப்போரில் போராடியவர். வகுப்பில் றொலான் தொர்ஜெலெஸ் எழுதிய ‘மரச்சிலுவைகள்’ என்ற போர் நாவலை வாசித்துக் காட்டுகிறார். தன் தந்தையை விழுங்கிய போர் எத்தகையது என்பதை ஜாக் வீட்டில் அறியவில்லை, பாடசாலையில்தான் அறிகிறான்.

6. ஆழ்ந்து படிக்க வேண்டிய மூன்று சம்பவங்கள்

(அ) இரண்டு பிராங் நாணயம்

கடைக்குப் போன ஜாக், மிச்சக் காசில் இரண்டு பிராங்கை ஒளித்துக்கொள்கிறான். காற்பந்துப் போட்டி பார்க்கும் ஆசை. மலசலகூடக் குழியில் காசு விழுந்துவிட்டது என்று பொய் சொல்கிறான். அம்மம்மா திட்டவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய், குழிக்குள் கையை விட்டுத் துழாவுகிறாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. அவள் கஞ்சத்தனத்தால் அதைச் செய்யவில்லை. அந்த வீட்டில் இரண்டு பிராங் உண்மையாகவே ஒரு தொகை. வறுமை என்ற சொல்லைக் காம்யு இங்கு விளக்கவில்லை. ஒரு முதியவளின் கையைக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

(ஆ) புலமைப்பரிசில்

‘லிசே’ எனப்படும் உயர்தரப் பாடசாலைக்குப் போக வேண்டுமானால் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அம்மம்மா மறுக்கிறாள். பையன் இப்போதே வேலை பழகினால் வீட்டுக்குக் காசு வரும். லிசேக்குப் போனால் ஆறு ஆண்டுகள் ஒன்றும் வராது. அவளுடைய கணக்குப் பிழையானதன்று என்பதைக் கவனியுங்கள். பசிக்கிற வீட்டில் ஆறு ஆண்டு நீண்ட காலம்.

ஆசிரியர் பெர்னார் வீடு தேடி வருகிறார். எதிரே உட்கார்ந்து பேசுகிறார். போரில் இறந்த வீரனின் மகனுக்கு உதவுவது தம் கடமை எனக் கருதுகிறார். மேலதிக வகுப்புக்குப் பணம் கொடுக்க இயலாதே என்கிறாள் அம்மம்மா. பையன் ஏற்கனவே அதைக் கொடுத்துவிட்டான் என்ற பொருளில் அவர் விடை கூறுகிறார். ஜாக் உட்பட நான்கு மாணவருக்கு மாலை வேளைகளில் காசு வாங்காமல் கற்பிக்கிறார்.

ஜாக் சித்தியடைகிறான். ஆனால் வெற்றிச் செய்தி வந்த நேரத்தில் அவன் மனத்தில் மகிழ்ச்சியோடு பெரும் துயரமும் எழுகிறது. ஏழைகளின் அந்தச் சிறிய, வெதுவெதுப்பான உலகிலிருந்து தான் பிடுங்கப்பட்டுவிட்டதை உணர்கிறான். இனி அவன் கற்கப்போவது எதையும் அவன் தாயால் அறிய முடியாது. ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் எழுதி ஊர்விட்டுப் போய்ப் படித்தவர்கள் உங்களுள் இருந்தால், இந்த இடத்தை நான் விளக்கத் தேவையில்லை.

(இ) படிவத்தில் ஒரு சொல்

லிசேயில் படிவம் ஒன்றை நிரப்பச் சொல்கிறார்கள். தாயின் தொழில் என்ன என்று கேட்கப்பட்டுள்ளது. ‘இல்லத்தரசி’ என்ற பொருளில் எழுதுகிறான் ஜாக். அது தன் வீட்டைக் கவனிப்பவரைக் குறிக்கும், உன் தாய் பிறர் வீட்டில் வேலை செய்பவர், ஆகவே ‘வேலைக்காரி’ என்றுதான் எழுத வேண்டும் என்கிறான் நண்பன் பியேர். ஜாக் அச்சொல்லை எழுதத் தொடங்கி நிறுத்துகிறான். முதலில் வெட்கம் வருகிறது. மறுகணமே, வெட்கப்பட்டுவிட்டேனே என்ற வெட்கம் வருகிறது.

இரண்டாவது வெட்கம்தான் இந்நாவலின் உயிர் என்பேன். பெல்கூரில் எல்லோரும் ஏழைகள். ஆகவே அங்கு அவன் ஏழை என்பதே அவனுக்குத் தெரியவில்லை. ஒப்பிடும் இடத்துக்கு வந்த பிறகே வறுமை வறுமையாகத் தெரிகிறது.

மாணவர்களே, இங்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் சேர வந்த ஒரு பிள்ளை, படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். மறந்துவிட்டாள் என்று எண்ணி, எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது எனக்கு விளங்கவில்லை. இந்த நாவலைப் படித்தபோதுதான் நான் செய்தது என்னவென்று விளங்கியது. அதன் பின் என் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. நல்ல நாவல் செய்யும் வேலை இதுதான்.

7. தலைப்பின் பொருத்தம்

‘முதல் மனிதன்’ என்றதும் ஆதாம் நினைவுக்கு வருவான். அவனுக்குத் தந்தையும் இல்லை, முன்னோரும் இல்லை. ஜாக்கின் நிலையும் அதுவே. தந்தை மண்ணுக்குள், தாய்க்குச் சொல்ல நினைவில்லை, வீட்டில் புத்தகமோ கடிதக் கட்டோ இல்லை. தந்தையின் உடலிலிருந்து எடுத்து மருத்துவமனை அனுப்பிய குண்டுச் சிதறல், ஒரு பிஸ்கட் தகரத்தில் கிடக்கிறது. நல்லது கெட்டதை அவன் தானே கண்டுபிடிக்க வேண்டும்.

இது ஜாக்கின் நிலை மட்டுமன்று. கடல் கடந்து வந்து, உழைத்து, பெயரில்லாமல் புதைந்துபோன ஏழைக் குடியேறிகள் ஒவ்வொருவரும் அங்கு முதல் மனிதரே. பணக்காரரின் வாழ்வுக்கு உறுதிப்பத்திரமும் படமும் சான்றாக இருக்கும். ஏழைகளின் வாழ்வு எழுதப்படாமலே அழிந்துபோகும். அவ்வீட்டிலிருந்து படித்து வெளியேறிய ஒருவன், திரும்பிப் பார்த்து அதனை எழுதிவைக்கிறான். படிப்பு அவனைத் தாயிடமிருந்து பிரித்தது. அதே படிப்பாலேதான் அவளை அவனால் எழுத முடிந்தது. நாவலின் மையக்கருத்து இதுவே.

8. விமர்சனக் குறிப்பு

பாராட்டு மட்டும் எழுதினால் விடை நிறைவு பெறாது. இந்நாவல் மீது வைக்கப்படும் முக்கிய குறை: அராபியர் பெரும்பாலும் ஓரத்திலேயே நிற்கிறார்கள். ஐரோப்பியப் பாத்திரங்களுக்குக் கிடைக்கும் மனவுலகம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஜாக் ஏழைதான், ஆயினும் அவனுக்கு ஏறிச்செல்ல ஒரு புலமைப்பரிசில் ஏணி இருந்தது. அக்காலத்தில் மிகப் பெரும்பாலான முஸ்லிம் பிள்ளைகளுக்குப் பாடசாலையே எட்டவில்லை. ஒடுக்கும் அமைப்புக்குள்ளும் ஏழைகள் இருப்பர். அவர்களின் வறுமை உண்மையானது. ஆனால் அந்த வறுமை அமைப்பின் அநீதியை நியாயப்படுத்தாது. இவ்விரு உண்மைகளையும் சேர்த்துச் சொல்லும் மாணவனே நாவலை முழுமையாகப் புரிந்தவன். கைப்பிரதி முடிவு பெறாதது என்பதையும் நினைவில் வைத்து நடுநிலையாக எழுதுக.

9. மாதிரி வினாவும் விடையும்

வினா: ‘முதல் மனிதன்’ நாவலில் அம்மம்மா பாத்திரம் இரக்கமற்ற ஒருத்தியாக மட்டும் படைக்கப்படவில்லை. ஆராய்க.

புள்ளி குறையும் விடை: “அம்மம்மா ஜாக்கை அடிப்பாள். ஒருநாள் அவன் இரண்டு பிராங்கை எடுத்தான். பிறகு ஆசிரியர் வந்தார். அவள் சம்மதித்தாள்…” இது கதை. ‘ஆராய்க’ என்ற சொல்லை எழுதியவர் கவனிக்கவில்லை.

சிறந்த விடை: “அம்மம்மா வெளிப்பார்வைக்குக் கடுமையானவள். சவுக்கால் அடிப்பதும், சப்பாத்தின் ஆணியைச் சோதிப்பதும் இதனைக் காட்டுகின்றன. எனினும் அவளது கடுமைக்குக் காரணம் மனக்கொடுமை அன்று, இல்லாமையே. காசு விழுந்தது என்ற பொய்யை நம்பி மலக்குழியில் கைவிட்டுத் தேடும் காட்சி இதற்குச் சான்று. அங்கு அவள் சிறுவனைத் தண்டிப்பதற்கு முன், காசை மீட்கவே முனைகிறாள். அச்செயலால் சிறுவன் மட்டுமன்றி வாசகரும் அவளைப் புதிதாகப் பார்க்கின்றனர். லிசே கல்விக்கு அவள் காட்டும் எதிர்ப்பும் அறியாமை மட்டும் அன்று. ஆறு ஆண்டு வருமானம் அவ்வீட்டின் உணவு. அத்தகையவள் இறுதியில் இணங்குவது பெரிய தியாகம் ஆகும். எனவே, வறுமை ஒரு மனிதரின் அன்பை எவ்வாறு வெளித்தெரியாமல் மூடிவிடுகிறது என்பதைக் காட்டவே ஆசிரியர் இப்பாத்திரத்தைப் படைத்துள்ளார் எனலாம்.”

கவனிக்க: முதல் வாக்கியம் கருத்து. அடுத்தது சான்று. பிறகு அச்சான்று எதனை உணர்த்துகிறது என்ற விளக்கம். இறுதியில் முடிவு. ஒவ்வொரு பந்தியிலும் கருத்து – சான்று – விளக்கம் என்ற ஒழுங்கைப் பின்பற்றுக.

10. பயிற்சி வினாக்கள்

1. தன்வரலாறு, தன்வரலாற்று நாவல் ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாடுகள் இரண்டினை உதாரணத்துடன் தருக.
2. ஜாக்கின் வாழ்வில் ஆசிரியர் பெர்னார் பெறும் இடத்தை விளக்குக.
3. “கல்வி ஜாக்கை உயர்த்தியது, அதே வேளை தனிமைப்படுத்தியது.” சம்பவங்கள் கொண்டு நிறுவுக.
4. நாவலின் தலைப்புப் பொருத்தமானதா? உமது கருத்தைக் காரணத்துடன் கூறுக.
5. காலனித்துவ சமூகத்தைச் சித்திரிப்பதில் இந்நாவலின் சிறப்பு ஒன்றும் குறை ஒன்றும் எழுதுக.

இறுதியாக ஒரு வார்த்தை. பரீட்சை நாளன்று பெர்னார் தம் மாணவர்களுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்து, வினாவை ஒரு முறைக்குப் பல முறை நிதானமாக வாசியுங்கள், நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறார். நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த அறிவுரை உங்கள் வினாத்தாளுக்கும் பொருந்தும். வினாவை வாசியுங்கள். மறுபடியும் வாசியுங்கள். பிறகு எழுதுங்கள்.